வாலில் வைத்த ஈயம்

1. ஒன்பது விநாடி

விமானம் ஒன்பது விநாடி பறந்தது. நான் எண்ணவில்லை. ரிசார்ட் ஆள் ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோ அப்படிச் சொல்கிறது.

மரக்காணம் உப்பளத்தில் பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தி, இன்னும் தண்ணீர் விடாமல் வைத்திருந்த சமயம். நடுவே போகும் மண் பாதையில் ஓடவிட்டேன். தரையை விட்டதும் மூக்கைத் தூக்கியது. கையிலிருந்த ரிமோட்டில், வாலில் இருக்கும் எலிவேட்டர் தகட்டைக் கீழே கொடுத்தேன். ஒரு முறை குனிந்தது, பிறகு முன்பைவிட அதிகமாக நிமிர்ந்தது. அப்படியே ஒரு பக்கம் சரிந்து நாலாவது பாத்தியில் குத்தியது. மூன்று மாத வேலை.

முதலில் சத்தம் போட்டவர் உப்பளத்தில் வேலை பார்க்கும் அஞ்சலை அக்கா. “அடப்பாவி, மிதிச்ச பாத்தியில பள்ளம் பண்ணிட்டியேப்பா! இத யாரு வந்து மிதிக்கிறது, உங்க ஊட்டு ஆளா?”

பின்னாலேயே விமானம் செய்யச் சொன்ன ரிசார்ட் முதலாளி வந்தார். “என்னாச்சு ஏழுமலை?”

ராயப்பன் அண்ணன் ஐந்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். விமானத்தின் பாடியை ஃபைபரில் செய்து கொடுத்தவர் அவர்தான். அவர் காது கேட்கத்தான் சொன்னேன்.

“பாடிதான் சார். ஃபைபர் போடும்போது வால் பக்கம் ரெசின் அதிகமாயிடுச்சி. வால் கனம்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். “நான் கம்மியாதானேப்பா போட்டேன்” என்றார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

நான் சொன்னது பொய். எப்படிப் பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2. பிளான்

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். இரவில் அங்கேயே இரும்புத்தூள் குத்தக் குத்தப் படுத்துக்கொள்வேன். பிறகு பெங்களூரில் மாடல் விமானம் விற்கும் ஒரு கடையில் பெருக்கத் துடைக்கச் சேர்ந்து, உடைந்து வருவதை ஒட்டப் பழகி, இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி வரும் ரிப் வெட்டப் பழகினேன். எந்த இடத்திலும் மூன்று வருடம் தங்கியதில்லை. மரக்காணத்துக்கு வந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: கண்ணுக்கெட்டிய தூரம் மட்டமான தரை, மரம் இல்லை, கம்பி இல்லை. விமானம் விட அதைவிட வேறு என்ன வேண்டும்?

ஈ.சி.ஆர். ரோட்டில் ரிசார்ட் வைத்திருந்த முதலாளி கல்லூரிக் காலத்தில் மாடல் விமானம் விட்டவர். அன்றைக்கு வாங்கிய கிட் ஒன்றின் பிளான் மட்டும் அவரிடம் மிச்சம் இருந்தது. மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டிய தாள். இறக்கை நுனிக்கு நுனி இரண்டே கால் மீட்டர்.

“இதே டிசைன் வேணும். ஆனா என் கார் டிக்கில போகணும். ரிசார்ட் திறக்கிற அன்னிக்கு கெஸ்ட்டுங்க தலைக்கு மேல ஒரு ரவுண்டு போகணும். முடியுமா?”

“மூணுல ரெண்டு பங்கா சுருக்கிடலாம் சார். ஒன்றரை மீட்டர் வரும்.”

புதுச்சேரியில் என்ஜினியரிங் டிராயிங் ஜெராக்ஸ் எடுக்கும் கடையில் பிளானைச் சுருக்கி எடுத்தேன். சுருக்கிக் கட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. தாளில் எல்லாம் சுருங்கும், கடையில் விற்கும் மரத்தின் கனம் சுருங்காது. பிளானில் ஆறு மில்லி கட்டை பொருந்த வரைந்த காடி, அதாவது வெட்டுப் பள்ளம், இப்போது நாலு மில்லியாக இருக்கும். ஒவ்வொரு ரிப்பிலும் எந்த மரம் போகிறது என்று பார்த்து, காடியைத் திருத்த வேண்டும். இருபத்திரண்டு ரிப்பிலும் பார்த்துத் திருத்தினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தப் பெருமையில் இருந்தேன்.

3. கிராம் கணக்கு

உப்புக் காற்றில் மரப் பாடி சீக்கிரம் நமத்துவிடும். அதனால் இறக்கையை மரத்திலும் பாடியை ஃபைபரிலும் செய்ய முடிவு செய்தேன். மீன்பிடிப் படகுக்கு ஃபைபர் போடும் ராயப்பன் அண்ணனிடம் போனேன். அப்போது அவர் ஒரு கொட்டகையில் இன்னொருவருக்குக் கீழே வேலை செய்துகொண்டிருந்தார். முதல் முறையாகத் தன் பொறுப்பில் ஒரு படகு கட்ட, சேவியர் என்ற படகுக்காரரிடம் பேசி முடித்திருந்தார். அந்தப் படகு கைக்கு வந்தால் அவரும் ஒரு மேஸ்திரி.

“எத்தினி கிலோ வரணும்?” என்று கேட்டார்.

“கிலோ இல்லண்ணே. முந்நூறு கிராம்.”

“முந்நூறு கிராமா? என் படகுல ஒருத்தன் வெத்தல துப்புனா ஏறுற கனத்தக் கேக்குறியேப்பா.”

ஆனால் செய்தார். வீட்டு ஓனர் அம்மாவிடம் கேக் அளக்கும் சின்னத் தராசை வாங்கிவந்து, ரெசின் பசையை டம்ளரில் ஊற்றி ஊற்றி எடை போட்டார். மூக்குப் பக்கம் மேட் என்கிற ஃபைபர் விரிப்பு இரண்டு அடுக்கு, வால் பக்கம் ஒரே அடுக்கு. “பின்னாடி லேசா இருக்கணும்னு சொன்ன இல்ல?” என்று கேட்டு, மிச்ச ரெசினைக் காகிதத்தால் ஒற்றி எடுத்தார். முழுப் பாடியும் இருநூற்றி எழுபது கிராம் வந்தது. பெங்களூர்க் கடையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்ற பாடிகூட அவ்வளவு லேசாக இருந்ததில்லை.

4. எழுத்தை நம்பு

மாடல் விமானம் பறக்குமா என்பதை முடிவு செய்யும் இடம் ஒன்று உண்டு. இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் மூக்கும் வாலும் மட்டமாக நிற்கிற இடம். அதற்கு சி.ஜி. என்று பெயர். அது சரியான இடத்துக்கு முன்னால் போனால் விமானம் மந்தமாகும். பின்னால் போனால் யார் பேச்சையும் கேட்காது.

பிளானில் அந்த இடத்தை ஓர் அம்புக்குறியால் காட்டி, பக்கத்தில் எழுதியிருந்தார்கள்: முன்விளிம்பிலிருந்து 120 மில்லி.

லேத் பட்டறையில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், டிராயிங் மேல் ஸ்கேலை வைக்காதே, எழுதியிருப்பதைப் படி என்பது. தாள் ஈரத்தில் நீளும், ஜெராக்ஸில் இழுபடும், எழுத்து மாறாது. அதன்படி 120 மில்லி அளந்து பென்சிலால் கோடு போட்டேன். அம்புக்குறியை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

விரலில் வைத்துத் தூக்கினால் மூக்கு தொங்கியது. பேட்டரியைப் பின்னால் தள்ளினேன். அப்படியும் தொங்கியது. வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கிவந்து வாலுக்குள் ஒட்டினேன். தொண்ணூறு கிராம் போன பிறகுதான் மட்டமாக நின்றது. இறக்கையின் அகலத்தில் சரிபாதி அந்த இடம். கண்ணுக்கே உறுத்தியது. பழைய டிசைன் சிலதில் சி.ஜி. பின்னால்தான் இருக்கும் என்று எங்கோ கேட்டதை நினைத்துக்கொண்டு சமாதானமானேன். ராயப்பன் அண்ணன் பாடியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு என் ஷெட்டில் நான் தனியாகச் செய்த வேலை இது. ஈயம் இருப்பது அவருக்குத் தெரியாது.

பாத்தியில் விமானம் விழுந்ததும் எல்லாருக்கும் முன்னால் ஓடியவன் நான். மோட்டாரைப் பார்க்கவில்லை, பேட்டரியைக் கழற்றவில்லை. என் கை முதலில் போன இடம் வால். ஈயத்தைப் பிய்த்து பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். காரணம் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியாதவன் கை ஏன் அங்கே போகிறது?

மறுநாள் காலை அந்த அம்புக்குறி மேல் ஸ்கேலை வைத்தேன். எண்பது மில்லி. படம் சுருங்கியிருந்தது. பக்கத்தில் எழுதியிருந்த எண், பழைய பெரிய விமானத்தின் எண்ணாகவே இருந்தது. ஈயமே வைக்காமல், அண்ணன் செய்துகொடுத்த பாடியோடு அப்படியே விட்டிருந்தால் அது பறந்திருக்கும்.

5. வால்கனம்

மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. ஒரு வாரம் பொறுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு வாரத்துக்குள், விமானம் பார்க்க வந்திருந்த சேவியர், “விமானத்துலயே வால கனமாக்கிட்டான். என் படகு முன்னால அணியம் தூக்கினா அலையில நானா போய்ப் புடிக்கிறது?” என்று சொல்லி, படகை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அதன் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. பழைய புத்திப்படி ஊரை விட்டேன். ஓசூரில் ட்ரோன் பாகங்களை ஒட்டும் கம்பெனி ஒன்றில் எட்டு மாதம் இருந்தேன்.

ஷெட்டைக் காலி செய்யத்தான் திரும்பி வந்தேன். டீக்கடையில் யாரோ, “வால்கனம் இப்ப எங்க வேல செய்யறாரு?” என்று கேட்டது காதில் விழுந்தது. யாரைச் சொல்கிறார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“நம்ம ராயப்பன்தாம்பா. கீழ்புத்துப்பட்டு பக்கம் ஒரு கொட்டகையில ரெசின் கலக்கிக் குடுக்கறாரு. மேட் போடச் சொன்னா போட மாட்றாராம். என் கைய நம்பாதீங்கன்றாராம். நல்ல வேலக்காரன், இன்னா ஆச்சின்னே தெரியல.”

என்ன ஆச்சு என்று எனக்குத் தெரியும். டீயை வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

கொட்டகையில் சாப்பாட்டு நேரம். நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் பக்கெட்டைத் தராசில் வைத்து எடை பார்த்தார், இறக்கினார், மறுபடி வைத்தார். மூன்று முறை.

“அண்ணே, உன் வால்ல கனம் இல்ல. நான்தான் ஈயம் வெச்சேன். தொண்ணூறு கிராம். பிளானத் தப்பாப் படிச்சிட்டேன். உழுந்ததும் எடுத்து மறச்சிட்டேன்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். அண்ணன் பக்கெட்டைக் கீழே வைத்தார்.

“அப்ப என் கை தப்பு பண்ணலியா?”

“இல்லண்ணே.”

“அன்னியிலேர்ந்து எங்க தப்பு பண்ணேன், எங்க தப்பு பண்ணேன்னு படுத்துகினு யோசிச்சிகினு இருக்கேன்டா நானு.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கையைக் கழுவிக்கொண்டு, டி.வி.எஸ். வண்டியை எடுத்தார்.

“ஏறு.”

“எங்கண்ணே?”

“நீ சொன்னப்ப அங்க பதினோரு பேரு இருந்தாங்க. எல்லார்கிட்டயும் சொல்லு.”

பதினொரு பேரும் யார் யார் என்று அவருக்கு மனப்பாடம். முதலாளி, அவர் டிரைவர், ரிசார்ட் ஆட்கள் இரண்டு பேர், சேவியர், சேவியரின் மச்சான், உப்பள மேஸ்திரி, அஞ்சலை அக்காவையும் சேர்த்து நாலு பெண்கள். நான் வருகிறேனா என்று அவர் கேட்கவில்லை. ஏறினேன்.

6. பதினொரு பேர்

முதலாளிக்கு நினைவுக்கு வரவே கொஞ்ச நேரம் ஆனது. “ஓ, அதுவா? அதான் ட்ரோன் வாங்கிட்டேனேப்பா. இதுக்காகவா வந்தீங்க? ஜூஸ் சாப்பிடுறீங்களா?” என்றார். அண்ணன் ஜூஸ் வேண்டாம் என்றார். டிரைவர் வேலையை விட்டு வானூரில் ஆட்டோ ஓட்டுகிறார் என்று தெரிந்து, வானூருக்குப் போனோம். ஸ்டாண்டில் சவாரி ஏற்றிக்கொண்டிருந்தவரை நிறுத்திச் சொன்னேன். சவாரி ஏறியவரும் கேட்டார்.

சேவியர் முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். “படகு கடல்ல எறங்கி ஆறு மாசம் ஆச்சேடா. இப்ப வந்து சொல்ற? உன்ன இன்னா பண்றது?”



“ராயப்பா, மனசுல வெச்சிக்காத” என்றார் அவர்.

“அடுத்த படகு கட்டறப்ப சொல்லுங்க” என்றார் அண்ணன். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அஞ்சலை அக்காவைப் பார்க்க மூன்றாம் நாள் ஆனது. உப்பு வாரும் பலகையை வரப்பில் சாய்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக் கேட்டார்.

“அப்ப இவுரு மேல தப்பு இல்லியா?”

“இல்லக்கா. நான்தான்.”

“அடப் படுபாவி! நான் ஊரு பூரா சொல்லிட்டனே! என் நாத்தனாகிட்ட சொன்னேன், கோயில் கூட்டத்துல சொன்னேன், எங்க அண்ணன் இரும்பை கிராமத்துல இருக்குது, அதுகிட்டயும் போன்ல சொன்னேன். வால்கனம்னு முதல்ல பேரு வெச்சதே நான்தான்யா!” பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, குரல் இறங்கி, “தப்பா எடுத்துக்காதீங்க, சிரிப்புக்குத்தான் சொன்னது” என்றார்.

அண்ணன் என்னிடம் சொன்னார்: “யாரு யாருன்னு கேட்டு எழுதிக்க.”

எழுதிக்கொண்டேன்.

மாடல் விமானம் கட்டப் பழகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இரண்டு. பிளானைச் சுருக்கினாலும் பெருக்கினாலும், ரிப் வெட்டும் முன்னால் அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு எண்ணையும் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட்டு எழுதுங்கள். எண் தானாகச் சுருங்காது. விமானம் விழுந்த இடத்தில் நின்றுகொண்டு யார் கேட்டாலும் காரணம் சொல்லாதீர்கள். உடைசலை வாரிக்கொண்டு வீட்டுக்குப் போய், நீங்கள் கை வைத்த இடங்களை முதலில் பாருங்கள்.

அஞ்சலை அக்கா சொன்ன பட்டியலில் இன்னும் நாலு பேர் பாக்கி. அவர்களில் ஒருவர் மங்களூர்ப் பக்கம் மீன்பிடி போட்டில் வேலைக்குப் போயிருக்கிறார், பொங்கலுக்குத்தான் வருவாராம். அதுவரை நான் மரக்காணத்தில்தான் இருக்கிறேன். இதை எழுதப்போகிறேன் என்று அண்ணனிடம் சொல்லி, எழுதிவிட்டால் மிச்ச நாலு பேருக்கும் சேர்த்துச் சொன்னதாக ஆகுமா என்று கேட்டுப் பார்த்தேன்.

“அவங்க நாலு பேரும் படிக்கற ஆளுங்க இல்ல. நேர்ல போ” என்றார்.