நான் இறுக்கியதாகச் சொல்லப்பட்ட எஞ்சின்

அத்தானின் கார் என் கையில்தான் செத்தது. ஜீலோங்கிலிருந்து மெல்பேர்ண் வரும் ஃப்ரீவேயில், வெரிபீயைத் தாண்டிய கையோடு, முதுகுக்குப் பின்னால் கீச்சென்று ஒரு சத்தம். அடுத்த கணம் எஞ்சின் இறுகி, பின்சில்லுகள் இரண்டும் உருளாமல் நின்றுவிட்டன. கார் ரோட்டுக்குக் குறுக்கே திரும்பப் பார்த்தது. பின்னால் ஒரு லொறி விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. என் கால் தானாகவே கிளட்சை மிதித்தது. சில்லுகள் விடுபட்டு, கார் உருண்டுபோய் ஓரத்தில் நின்றது. இறங்கிப் புல்லில் குந்தினேன். நான் பஸ் டிப்போவில் டீசல் எஞ்சின் திருத்துகிறவள். எஞ்சின் சாவது எனக்குப் புதிதல்ல. ஆனால் நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஒன்று சாவது அதுதான் முதல்தடவை.

அத்தான் என் அக்காவின் கணவர். மெல்பேர்ண் புறநகரான டார்னெய்ட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போன பிறகு, வாழ்நாள் ஆசை என்று அந்தக் காரை வாங்கினார். என்னைவிட வயது கூடிய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் பின்னால் இருக்கும். ரேடியேட்டரும் தண்ணீரும் கிடையாது; பின்மூடியில் இருக்கும் கம்பிச் சல்லடை வழியாகக் காற்றாடி காற்றை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும். இருக்கைக்கும் டாஷ்போர்டுக்கும் புதுத் தோல் போட ஜீலோங்கில் விட்டிருந்தார். இடையில் கண்ணில் ஒப்பரேஷன் செய்ததால் அவரால் ஓட்ட முடியவில்லை. அதனால்தான் என்னைப் போய் எடுத்துவரச் சொன்னார்.

இழுவை வண்டி காரைக் கொண்டுவந்து வீட்டுவாசலில் இறக்கியபோது, அக்கா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அத்தான் ஒரு கண்ணில் கட்டோடு காரைத்தான் சுற்றிச்சுற்றி வந்தார்.

“கியரை இறக்கி வச்சு இறுக்கி ஓடியிருக்கிறாய். சூட்டு ஊசி சிவப்புக்குப் போனதையும் பாக்கேல்லை.”

“ஊசி நடுவிலதான் நிண்டது அத்தான்.”

“பொம்பிளையளிட்ட இதைக் குடுத்தது என்ர பிழை. இனி இந்தத் திறப்பை நீ தொடக்கூடாது,” என்று என் கையிலிருந்த கார்ச்சாவியைப் பிடுங்கினார்.

லொறிக்கு அடியில் போகாமல் தப்பி வந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? அதோடு விட்டாரா? பிறந்தநாள் வீடு, கலியாண வீடு என்று போகிற இடமெல்லாம் கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. முன்பின் தெரியாத ஓர் அங்கிள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து, “நீங்கள்தானோ அந்த எஞ்சின் இறுக்கின ஆள்?” என்று சிரித்தார். என் தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். என் பிழைப்பே எஞ்சின்தான். அந்தப் பெயரோடு என்னால் வாழ முடியாது.

நேரே அத்தானிடம் போனேன். “எஞ்சினைக் கழட்டுவம். நீங்களும் நானும். பிழை என்ர எண்டால் உள்ளுக்கை தெரியும்.”

உடனே சம்மதித்தார். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை, என் குற்றம் அகப்பட்டுவிடும் என்று.

சனிக்கிழமைகளில் அவருடைய கராஜில் வேலை தொடங்கியது. வெறும் ஐஸ்கிரீம் பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் அத்தான் படம் பிடித்துப் பெட்டியில் போட்டார். “ஸ்பானரைத் தா”, “லைட்டை இஞ்சால பிடி”, இவ்வளவுதான் எங்கள் பேச்சு. அக்கா தேத்தண்ணீரோடு வருவாள், இரண்டு முகத்தையும் மாறிமாறிப் பார்ப்பாள், கோப்பைகளை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

எஞ்சினை வெளியே இறக்கி, காற்றாடியைக் கழற்றி, சிலிண்டர்களை மூடியிருந்த தகரத்தைத் தூக்கிய சனிக்கிழமை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு பக்கத்துச் சிலிண்டர்கள் துப்புரவாக இருந்தன. மற்றப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர்களைச் சுற்றி, காற்று போகவேண்டிய மெல்லிய இடுக்குகள் எல்லாவற்றிலும், கறுப்பாக ஏதோ திணிந்துபோய்க் கிடந்தது. அடிப்பிடித்த சட்டியில் ஒட்டியிருக்கும் தீயல் மாதிரி.

“எலிக்கூடோ?” என்றார் அத்தான்.

ஸ்க்ரூட்ரைவரால் கிளறினேன். கறுப்புக் கட்டி உடைந்து, நடுவிலிருந்து ஒரு செம்மஞ்சள் இதழ் விழுந்தது. பிறகு நார். பிறகு பாதி கருகிய வெற்றிலைக் காம்பு. முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் நாற்றத்துக்குள்ளே சந்தனம் மணத்தது.

“அத்தான், இது கோயில் பூ.”

அவர் அந்த இதழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா தேத்தண்ணீரோடு வந்தாள்.

“அட, அது நான் போட்டதெல்லோ,” என்றாள், வெகு சாதாரணமாக.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

“வெள்ளிக்கிழமை அர்ச்சனைப் பூ. குப்பையில போடேலாது, கால் படுற இடத்திலயும் போடேலாது. வீட்டுக்குப் பின்னால முழுக்கக் கொங்கிரீட். டாஷ்போட்டில வைக்க, கறைபடும் எண்டு நீங்கள்தானே ஏசினனீங்கள்? காருக்குப் பின்னுக்குச் சல்லடை இருந்தது. அதுக்குள்ளதான் எஞ்சின் இருக்கெண்டு காட்டினதும் நீங்கள்தான். ஒருத்தற்ற காலும் படாத இடமெண்டு, ஒவ்வொரு வெள்ளியும் அதுக்குள்ள போட்டனான்.”

காற்றாடி அந்தப் பூவையெல்லாம் இழுத்து ஒரே பக்கத்தில் அடைத்திருக்கிறது. காற்றில்லாமல் வெந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகியிருக்கிறது. மற்றவை குளிர்ந்துகொண்டிருந்ததால் ஊசி நடுவிலேயே நின்றிருக்கிறது. நான் சொன்னது அத்தனையும் உண்மை. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம் அது. ஆனால் எனக்குக் குதிக்கத் தோன்றவில்லை.

அத்தான் மெதுவாகக் கேட்டார். “நீர் ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

“சொன்னா எடுத்தெறிவீங்கள். நீங்கள் இந்தக் காரில போனா, திரும்பி வரும்வரைக்கும் எனக்கு உயிரில்லை. உங்களுக்கு ஒண்டும் நடக்கக்கூடாதெண்டுதான்…”

சொல்லிக்கொண்டே போனவளின் கண் அந்தக் கறுப்புக் கட்டியில் விழுந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தட்டு சரிந்து தேத்தண்ணீர் சிந்தியது. அங்கே கிடந்த கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள்.

“ஐயோ, உன்னை நானே கொல்லப் பாத்தனானே!”

எனக்கும் அதே நினைப்புத்தான். காப்பாற்றட்டும் என்று போட்ட பூ, என்னை லொறிக்கு முன்னால் குறுக்கே நிறுத்தப் பார்த்திருக்கிறது. இவ்வளவு காலமும் இந்த மனிதர்தான் என்னைக் குற்றவாளி ஆக்கினார் என்று பொருமிக்கொண்டிருந்தேன். இப்போது யாரைக் கோபிப்பது? அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுடைய கை என்னுடையதைவிடக் குளிர்ந்திருந்தது. அத்தான் இரண்டு கோப்பைகளையும் எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு அவள் பக்கத்தில் வந்து, எண்ணெய்க் கையோடு நிலத்திலேயே உட்கார்ந்தார்.

பிறகு வந்த சனிக்கிழமைகளில் சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் புதிதாகப் போட்டு, இடுக்கு இடுக்காகத் துப்புரவாக்கி எஞ்சினைப் பூட்டினோம். அத்தான் இப்போது நிறையப் பேசினார், எல்லாவற்றையும் பேசினார், ஒன்றைத் தவிர. மன்னிப்பு அவர் வாயில் வரவேயில்லை. நானும் அதற்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தேன், பொய் சொல்லமாட்டேன்.

காரை முதல்முறை வெளியே எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. வேண்டுமென்று பார்த்த நாளல்ல, எங்கள் இருவருக்கும் லீவு கிடைத்த நாள். கார் முற்றத்தில் உறுமிக்கொண்டு நின்றது. பின்மூடிச் சல்லடை வழியாகக் காற்றாடி காற்றை இழுக்கும் இரைச்சல் கேட்டது. அப்போதுதான் அக்கா கோயிலிலிருந்து வந்து இறங்கினாள். கையில் வாழையிலைத் துண்டில் சுற்றிய பூ.

அக்கா சல்லடையைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் முகம் அழுவதுபோல் ஆகிவிட்டது.

அத்தான் அவளிடம் போய், தன் சட்டைப்பையை விரலால் அகட்டிப் பிடித்தார். “இதுக்குள்ள வையும்.”

அவள் வைத்தாள். வெள்ளைச் சட்டையில் சந்தனம் ஊறிப் பரவியது. அவர் அதைத் துடைக்கவில்லை. காரைச் சுற்றிவந்து, திறப்புப் போட்டிருந்த ஓட்டுகிற பக்கத்துக் கதவை எனக்குத் திறந்துவிட்டு, தான் போய் மற்றப் பக்கத்தில் ஏறி இருந்தார்.

“நீ ஓடு பிள்ளை,” என்றார். “ஃப்ரீவேயால போவம்.”