வேலாயி வீட்டுப் பிடியரிசி

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலாயி கொழுந்து பறித்தாள். ஞானஸ்நானத்தில் அவளுக்கு ரெபேக்காள் என்று பெயர் வைத்திருந்தார்கள். உபதேசியார் மாசிலாமணியைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. புருஷன் இறந்தபின் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் ஓர் ஒற்றையறைக் காம்பராவில் தனியாக இருந்தாள். பிள்ளை இல்லை.

தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று ஒதுக்கும். ஞாயிறுதோறும் அது சேரும் பானை வேலாயி வீட்டில்தான் இருந்தது. நிறைந்ததும் விற்று, மானாப்புல் வேய்ந்த ஜெப வீட்டுக்குத் தகரக் கூரை போட ஏற்பாடு. அவள் கை சுத்தம் என்று சபை நம்பியது. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

முதல் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் ரங்கூன் அரிசி வருவது குறைந்துபோயிற்று. பண்டாரவளை வரை இரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் பதுளைக் கடைகளுக்கு ஏறும் மூட்டைகள் எப்போதாவதுதான் வந்தன. காலையில் சொன்ன விலையைக் கடைக்காரர் மாலையில் சொல்லவில்லை. தோட்டத்தில் அரிசியைப் பாதியாக்கி, மீதிக்குக் குரக்கன் என்னும் கேழ்வரகை அளந்தார்கள்; அந்த அரிசி வாரப் பாதியிலேயே தீர்ந்துவிடும். கூலி மட்டும் ஏறவே இல்லை. சபைப் பானையிலும் பிடி சிறுத்தது. ஆனாலும் சனங்கள் தங்கள் வாயைக் கட்டிப் பானையில் போட்டார்கள்.

அடுத்த காம்பரா இராக்கம்மாளின் சின்ன மகனுக்குக் காய்ச்சல் விட்டு வயிற்றுப்போக்குப் பிடித்தது. குரக்கன் கூழ் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது.

"அக்கா, ஒரு சுண்டு அரிசி குடுங்க. புள்ளைக்குக் கஞ்சி வச்சுத் தர்றேன்."

"எங்கிட்ட ஏதுடி அரிசி? நானே கூழுதான் குடிக்கிறேன்."

இராக்கம்மாளின் கண் மூலையில் இருந்த பானைக்குப் போனது.

"அது சாமிக்கு வச்சது, இராக்கம்மா. என்னோடது இல்ல. நான் கை வைக்கக் கூடாது."

இராக்கம்மாள் வெறுங்கையோடு போய்விட்டாள். அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். சாமிக்கு வைத்ததைக் கேட்கக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். அந்த வாரம் தாண்டுமுன் பையன் செத்துப்போனான்.

தேயிலை மலை ஓரத்தில் குழியை மூடிவிட்டுத் திரும்பும்போது இராக்கம்மாள் யாரையும் குறை சொல்லவில்லை. "அரிசிக் கஞ்சி, அரிசிக் கஞ்சின்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு அக்கா," என்றாள். வேலாயிக்கு அதன் பிறகு கூழ் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணி உபதேசியார், இந்தப் பஞ்சத்தில் ஏழைகளுக்கு ஆகாரம் தரும்படி உருக்கமாக ஜெபித்தார். சபை ஆமென் சொன்னது. வேலாயி எழுந்து நின்றாள்.

"ஐயா, நாம கேக்குற ஆகாரம் எங்க வீட்டுப் பானையில கெடக்கு."

"அது ஆண்டவருக்குக் குடுத்ததாச்சே, ரெபேக்காள்."

"அவரு வந்து கேட்டாருங்க. நான் இல்லேன்னுட்டேன்."

பெண்கள் பக்கம் யாரோ விசும்பினார்கள். உபதேசியார் வேதாகமத்தை மூடி வைத்தார். பிறகு, "கூரை இருக்கட்டும், பானையக் கொண்டாங்க," என்றார்.

மறுநாளிலிருந்து ஜெப வீட்டு வாசலில் கஞ்சி கொதித்தது. எல்லா லயத்துப் பிள்ளைகளும் சிரட்டையோடு வந்தார்கள். யார் எந்தச் சாமி என்று வேலாயி கேட்கவில்லை. இராக்கம்மாளின் மூத்த பெண்ணும் வந்தாள். தாய் மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை. அரிசி சீக்கிரமே தீர்ந்துபோயிற்று. அந்த மழைக்காலத்தில் புல் கூரை ஒழுகியது. வேறு லயங்களில் இன்னும் சில பிள்ளைகள் செத்துப்போனார்கள்.

அரிசி பழையபடி வரத் தொடங்கிய பிறகு இராக்கம்மாள் குடும்பம் ஹாலிஎலைப் பக்கத்துத் தோட்டத்துக்குப் பெயர்ந்தது. வேலாயி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் வண்டிப் பாதைவரை கூடவே நடந்தாள்.

"எம்மேல கோவமாடி?"

"கோவமெல்லாம் இல்லக்கா. உங்க மொகத்தப் பாத்தா புள்ள ஞாபகம் வருது. அதான் போறோம்."

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இராக்கம்மாள் இறங்கிப் போனாள். வளைவில் அவள் மறையும்வரை நின்றுவிட்டு வேலாயி மலைக்கு ஏறினாள். பிந்தி வந்ததற்காகக் கங்காணி அன்று அவளுக்கு அரைநாள் கூலிக்கான அரைப் பேர்தான் போட்டார்.