அந்த வீட்டுக்கு எதிர் வீடு

வாடகைக்கு விட முதன்முதலாக ஒரு வீடு வாங்கக் கிளம்பியபோது புரோக்கர் என்னைச் சூலூருக்குக் கூட்டிப்போனார். பஸ் ஸ்டாப் பக்கத்திலேயே வீடு. விமானப்படைக்காரர்களும் தறிக்காரர்களும் தேடி வருகிற இடம். "பூட்டே போட வேண்டியதில்லீங்க அம்மணி, ஒருத்தர் போனா அடுத்தவங்க வந்து நிப்பாங்க" என்றார். அத்தனையும் நியாயம். எனக்கு வேண்டியது நியாயம் இல்லை. கோயமுத்தூரில் ஒரு வீதியில், ஒரு வீட்டுக்கு நேர் எதிராக ஒரு வீடு வேண்டும்.

கல்யாணமான புதிதில் அந்த வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டுப் போயிருந்தோம். வீட்டுக்காரர் உட்கார வைத்துக் காபி கொடுத்தார். நான் லேப் டெக்னீஷியன், கணவருக்கு பேங்கில் வேலை என்றதும் முகம் மலர்ந்தது. பிறகு ஊரைக் கேட்டார். ஊரில் எந்தப் பக்கம் என்றார். அப்பா என்ன பண்ணுகிறார் என்றார். தோட்டத்தில் கூலி வேலை என்றேன்.

"அப்படீங்களா, ரொம்ப சந்தோசமுங்க. ஆனா பாருங்க, நேத்துத்தான் ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துப்போட்டேன்."

இரண்டு மாதம் கழித்தும் டூ-லெட் போர்டு அங்கேயே தொங்கியது. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்த மரியாதைதான் ஆறவே இல்லை.

எதிர் வீடு விலைக்கு வந்ததும் பாய்ந்து பிடித்தேன். பழைய வீடு, சுவரெல்லாம் ஓதம். கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "வாடகை வர்ற இடமாப் பாருன்னா, நீ ஆளைப் பார்த்து இடம் வாங்கறயே!" ஆமாம் என்றேன்.

பத்திரம் முடிந்த அடுத்த வாரம் ஒரு நர்ஸ் தன் அம்மாவோடு வீடு பார்க்க வந்தாள். கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"முதல்லயே சொல்லிப்போடறேனுங்க அக்கா, நாங்க வந்து..." என்று ஆரம்பித்தாள். பல வீடு ஏறி இறங்கிப் பழகிய பேச்சு. எனக்கு ரத்தம் கொதித்தது.

"நான் கேக்கவே இல்லீங்களே. ஊடு உங்களுக்குத்தான், உள்ள வாங்க" என்றேன் உரக்க.

எதிர் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த அந்த வீட்டுக்காரர் நிமிர்ந்தார். என்னை அடையாளம் தெரிந்ததோ என்னவோ. "ஏனுங்க அம்மணி, நல்லா விசாரிச்சுட்டுக் குடுங்க. நாளைப்பின்னே சங்கடம் பாருங்க."

"விசாரிக்க வேண்டியது அவங்கதானுங்க" என்றேன், அவர் அளவுக்கே மரியாதையாக. "எதுத்த ஊட்டுல நீங்க இருக்கறதை இனிமேத்தான் சொல்லோணும். அதுக்கு அவங்க ஒத்துக்கோணுமில்லீங்களா?"

வண்டியைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாவமாக இருக்கவில்லை. இன்றுவரை இல்லை.