ஞாயிற்றுக்கிழமை லீவு

அலிபை என்ற ஆங்கிலச் சொல்லை முதன்முதலில் ஒரு மெயிலில்தான் பார்த்தேன். சரக்கு தாமதமானதற்கு மின்வெட்டு, சாயப்பட்டறை என்று காரணங்களை அடுக்கி எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு எழுதியிருந்தேன். 'இனி அலிபை எதுவும் வேண்டாம்' என்று பதில் வந்தது. மேனேஜர் அர்த்தம் கேட்டார். சாக்குப்போக்கு என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"அப்ப ஞாயித்துக்கிழமையும் ஓட்டிப்போடலாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கக் கூடாது என்பதும் அதே பையரின் சட்டம்தான். அதற்கும் எங்கள் பனியன் கம்பெனிகளில் ஒரு வழி உண்டு. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே வேலை நடக்கும். செல்போன்களை அணைத்து வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கேமராவும் ஓடாது. வெளியிலிருந்து பார்த்தால் கம்பெனி லீவு.

அந்த ஞாயிறு முழுக்க என் தம்பி அயர்ன் டேபிளில் நின்றான். நான் ஆபீஸில் இருந்தேன். அன்று மத்தியானம் மங்கலத்தில், எங்கள் வீட்டுப் பக்கத்தில், வழித்தடத் தகராறில் பங்காளி ஒருவரின் மண்டை உடைந்தது. பழைய ஆத்திரத்தில் என் தம்பி பெயரையும் அவர் புகாரில் சேர்த்துவிட்டார். போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போனது.

"இதுக்குப் பேரு அலிபைங்க" என்றார், தம்பி அன்று கம்பெனியில் இருந்ததை நான் சொல்லக் கேட்ட வக்கீல்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சாக்குங்களா?"

"கோர்ட்டுல அப்படியில்லீங்க. சம்பவம் நடந்தப்ப ஆளு வேற எடத்துல இருந்தாருன்னு நாமதான் நிரூபிக்கோணும். கூடப்பொறந்தவரு நீங்க சொன்னாப் பத்தாது. கம்பெனியில சொல்லச் சொல்லுங்க."

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஒரு கம்பெனியே அவனைப் பார்த்திருக்கிறதே! நேரே மேனேஜரிடம் போனேன்.

"ஞாயித்துக்கிழமை நம்ம கம்பெனி லீவுங்களே தம்பி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"நீங்கதானுங்க வரச் சொன்னீங்க!"

"பையர் காதுக்குப் போச்சுன்னா ஆர்டர் போயிருமுங்க. அத்தனை பேரு பொழப்பு."

பக்கத்து டேபிள்காரர்களைக் கேட்டேன். எல்லோருக்கும் திடீரென்று தலைக்கு மேல் வேலை வந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்னும் மனசு ஆறவில்லை.

அவன் அயர்ன் செய்த பனியன்கள் கப்பலேறிவிட்டன. பையர் நன்றி சொல்லி எழுதியிருந்தார். அந்த வாரம் ஜெயிலுக்குப் பார்க்கப் போனேன். தம்பி முதலில் கேட்டது இதைத்தான்.

"சரக்கு நேரத்துக்குப் போயிருச்சுங்களாண்ணா?"

"போயிருச்சு கண்ணு."

அவன் முகம் தெளிந்தது.

"அப்ப இனி மேனேஜர் வந்து சொல்லிருவாருங்க" என்றான்.