மாப்பிள்ளைக்கு வாங்கிய ரப்பர் மெத்தை

அக்காவின் தலைதீபாவளிக்குக் காவேரிப்பாக்கத்து மாப்பிள்ளை ஆம்பூருக்கு வருகிறார் என்று அப்பா மெட்ராஸிலிருந்து ரப்பர் நுரை மெத்தை வாங்கி வந்தார். பிரித்தால் டயர் எரிந்த வாடை.

"இதுல படுத்தா மாப்பிள்ளை அடுத்த பஸ்சுக்கே கெளம்பிடுவாரு" என்று அம்மா பேஜாரானாள். சாம்பிராணி போட்டாள். இரண்டும் சேர்ந்து நாறின.

வெயிலில் போட்டால் ரப்பர் கெட்டுவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம். நிழலில் காற்றாட விட வேண்டுமாம். தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியான அப்பாவுக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா? தோல் உலர்த்தும் கொட்டகையில், தோல்களுக்கு நடுவே மெத்தையைத் தொங்கவிட்டார். ஒரு வாரம் கழித்து அது வீடு வந்ததும் தோல் ஷாப்பையே நம்பிப் பிழைக்கும் எங்கள் தெருவே மோந்து பார்த்தது. "சுத்தமா வாசனையே இல்ல மேஸ்திரி" என்றார் பக்கத்து வீட்டு பாய்.

மாப்பிள்ளை வந்தார். விருந்து முடிந்து படுத்தவர், படுத்த வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்.

"மாமா, மெத்தைக்குள்ள இன்னா, மாடு செத்துக் கெடக்குதா?"

அப்பா குனிந்து ஆழமாக மோந்தார். அம்மா மோந்தாள். அக்காவும் மோந்தாள். யாருக்கும் ஒரு வாடையும் தெரியவில்லை.

நல்லவேளை, மாப்பிள்ளை பஸ் ஏறவில்லை. கோரைப்பாயை விரித்துத் தூங்கிவிட்டார். அப்பா அம்மாவின் காதில் சொன்னார்: "ரப்பர் வாடை இன்னும் போவல போலக்குது. இன்னொரு வாரம் கொட்டகையில தொங்கவுட்டா சரியாப் போய்டும்."