அத்தை வீட்டுக் கடல்

கடலில் கிடந்து ஊறிய பழைய இரும்பைத் தொட்டுவிட்டு வந்தால், சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோறு பிசையும்போது விரலிடுக்கிலிருந்து ஒரு வாடை எழும்பும். எனக்குக் கடல் என்றால் அந்தத் துருவாடைதான். தென்காசியில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்பது குற்றாலத்தில் தலைமேல் வந்து விழுவது. காலடியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போகும் தண்ணீரை ஆண்டுக்கு ஒருமுறை, முழுப்பரீட்சை லீவில், தூத்துக்குடிக்கு வெளியே இருந்த அத்தை வீட்டுக்குப் போகும்போதுதான் பார்ப்போம்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, பெயர் செண்பகம். அவள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கரை உள்வாங்கி அரைவட்டமாக வளைந்திருக்கும். அலை பெரிதாக எழும்பாததால் பிள்ளைகளைப் பயமில்லாமல் இறக்கிவிடலாம். அந்த வளைவுக்குள் வெள்ளைக்காரன் காலத்துச் சரக்குக் கப்பல் ஒன்று, புயலில் தரைதட்டியது, மணலில் பாதி புதைந்து கிடந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் அதை "ஒடசல்" என்பார்கள். நீர் வற்றும் நேரத்தில் எங்களைக் கையைப் பிடித்து அதனருகே கூட்டிப் போவது அத்தைதான், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்களைவிடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டு. அப்பா கரையில் உட்கார்ந்து, அந்தப் புயல் நாளில் மீனவர்கள் வேடிக்கை பார்த்து நிற்காமல் கட்டுமரங்களைத் தள்ளிக்கொண்டு போய்க் கப்பலில் இருந்தவர்களை எல்லாம் காப்பாற்றிய கதையை ஒவ்வோர் ஆண்டும் சொல்வார்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த ஆண்டு, அத்தை முழங்கை மறையும் ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தாள்; தண்ணீரில் இறங்கவே இல்லை. நான் விடாமல் இழுத்தேன். இரண்டெட்டு வைத்தாள், காலில் மோதிய அலை தெறித்துக் கையை நனைத்ததும் "எரியுதுட்டி, விடு" என்று உதறிக்கொண்டாள். அம்மா எழுந்து வந்து ஈரச் சட்டைக்கையை மேலே ஒதுக்கிப் பார்த்தாள். பழுக்கக் காய்ச்சிய கரண்டியை வைத்து இழுத்த தடங்கள். ஒன்றில் இன்னும் தோல் மூடவில்லை. மாமா அப்போது சற்றுத் தள்ளி சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்னையும் கூட்டிட்டுப் போயிரு. இனிமே அந்த வீட்டுல என்னால இருக்க முடியாது" என்றாள் அத்தை.

அப்பா தடங்களைப் பார்த்தார். பிறகு மாமா நின்ற திசையைப் பார்த்தார். "அடுத்த மாசம் குத்தாலம் சீசன். வீடு நெறைய ஆளு வரும். நீ வந்து நின்னா ஒவ்வொருத்தரும் என்ன ஏதுன்னு கேக்க மாட்டாவளா? கொஞ்சம் பொறுத்துக்கோட்டி. சீசன் முடியட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"அவ கையப் பாத்துட்டுமா இப்படிச் சொல்லுதிய?" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரி."

மாமா சுண்டலோடு வந்தார். அப்பா அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார். என் தம்பி கப்பல் கதை கேட்டான். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு சொல் குறையாமல், மீனவர்கள் கட்டுமரம் தள்ளிய கதையைச் சொன்னார். அத்தையும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஆண்டு சாரல் நன்றாக விழுந்தது. சொந்தக்காரர்கள் வந்து குளித்து, தின்று, துண்டுகளை எங்கள் கொடியில் காயப்போட்டுவிட்டுப் போனார்கள். சீசன் முடிந்தது. அப்பா போகவில்லை. அம்மா கேட்டபோதெல்லாம் கடையில் ஆளில்லை என்றார். தீபாவளிக்கு முன்பு அத்தை தானாகவே அந்த வீட்டைவிட்டு வெளியேறினாள். மீன் விற்கும் மரியம் என்ற அம்மாள் அவளைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டு, இறால் உரிக்கும் கம்பெனியில் வேலையும் வாங்கிக் கொடுத்தாள். செய்தி வந்த அன்று அப்பா, "இந்த வீட்டுல அவ பேரை யாரும் எடுக்கக் கூடாது" என்றார். அதன்பிறகு நாங்கள் கடலுக்குப் போகவில்லை.

அம்மா மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் சாகும்வரை அவளோடு போனில் பேசிவந்தாள். இப்போது தம்பி வெளிநாட்டில், நான் மதுரையில். அப்பா தனியாக இருக்கிறார். போன மாதம் அவரே சொன்னார்: "செண்பகத்தக் கூட்டிட்டு வாட்டி. இம்புட்டு வீடும் சும்மாத்தான கெடக்கு."

போனேன். கடற்கரையில் சிமெண்டு நடைபாதையும் விளக்குக் கம்பங்களும் வந்திருந்தன. கப்பலின் இரும்பை வெட்டிப் பழைய சாமானுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். மிச்சத்தை மணல் மூடிவிட்டது. ஐஸ்கிரீம் விற்றவனிடம் "ஒடசல்" எங்கே இருந்தது என்று கேட்டேன். "அது என்ன கடை, அக்கா?" என்றான்.

அத்தை ஒற்றை அறையில் இருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. ஐஸில் கிடந்த இறாலை உரித்து உரித்து விரல்கள் கோணியிருந்தன. எனக்காகச் சாளை வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். அப்பா சொன்னதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சமைக்க ஆளில்லையோ?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அப்பாவே போனில் கூப்பிட்டார். "என்னட்டி, வருதாளா?" என்ற குரல் அறைக்கே கேட்டது. போனை அத்தையிடம் நீட்டினேன். வாங்கினாள், காதில் வைக்காமல், அணைக்கவும் செய்யாமல், பாயில் கவிழ்த்து வைத்தாள்.

"முள்ளு பாத்துத் தின்னு" என்று என் தட்டில் இன்னொரு மீனை வைத்தாள்.

பாயிலிருந்து "ஏட்டி... ஏட்டி..." என்று அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் இருவரில் யாரைக் கூப்பிடுகிறார் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.