வட்டக்கோட்டைக்குப் போகாத சாட்சி

சுடலையாண்டிக்கு ஐம்பத்துநான்கு வயது. கன்னியாகுமரியில், கடல் தெரியும் அறைகள் பன்னிரண்டும் தெரியாத அறைகள் இருபதும் உள்ள ஒரு லாட்ஜில், இருபத்துமூன்று வருடமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தார். சுசீந்திரத்துக்கு அந்தப் பக்கம் வயல்களுக்கு நடுவே வீடு. காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புவார். வடநாட்டு யாத்ரீகர்களிடம் உடைந்த இந்தியும் மலையாளிகளிடம் நல்ல மலையாளமும் பேசுவார். காக்கி உடுப்பைக் கண்டால் மட்டும் எந்த மொழியும் வராது, எழுந்து நின்றுவிடுவார்.

இதற்குக் காரணம் என்று ஒன்றும் கிடையாது. எந்தப் போலீஸ்காரரும் அவரை அடித்ததில்லை, ஏசினதுகூட இல்லை. லாட்ஜ் நடத்த போலீஸ் தயவு வேண்டும் என்று முதலாளி பகவதியப்பன், இவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவைத்திருந்தார். அது கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் இறங்கி உறைந்துவிட்டது.

அதனால்தான் 2022 ஆவணியில் ஒரு மத்தியானம், திருட்டு வழக்குகளுக்காகப் போட்ட தனிப்படையிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்து, “அண்ணாச்சி, ஒரு அஞ்சு நிமிஷம் வாங்க,” என்றதும், பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுக் கிளம்பினார். ஸ்டேஷனில் ஒரு மேசை. அதன்மேல் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தங்கச் சங்கிலி, பக்கத்தில் நாலைந்து தாள்கள். ஒரு ஆட்டோக்காரர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு நின்றிருந்தார். ஏட்டு யேசுரத்தினம் விரலால் தொட்டுக்காட்டிய மூன்று இடங்களில் சுடலையாண்டியும் போட்டார். தாளில் என்ன இருக்கிறது என்று அவர் படிக்கவில்லை. படிக்கலாமா என்று கேட்கவும் நாக்கு எழவில்லை. டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து சம்மன் வந்தது. ஏட்டே லாட்ஜுக்குக் கொண்டுவந்தார். கூடவே அந்தத் தாள்களின் ஜெராக்ஸும். தான் கையெழுத்துப் போட்டது என்ன என்பதை சுடலையாண்டி அன்றைக்குத்தான் படித்தார். ‘மேற்படி எதிரி சிஜோ தானாக முன்வந்து எங்கள் முன்னிலையில் வாக்குமூலம் கொடுத்து, எங்களை வட்டக்கோட்டைக்கு அழைத்துச் சென்று, கோட்டைச் சுவரின் வடபுறம் தாழம்புதர் அருகே ஒரு கருங்கல்லின் அடியிலிருந்து மேற்படி சங்கிலியை எடுத்து ஆஜர் செய்ததை நேரில் கண்டோம்.’

“ஏட்டையா, நான் அங்கெல்லாம்…” என்று இழுத்தார்.

“மனப்பாடம் பண்ணிக்கிடும் ஓய். ஆட்டோக்காரன் மஸ்கட்டுக்குப் போயிட்டான். இப்பம் கேஸு உம்ம ஒத்தாள நம்பித்தான் நிக்கி.” ஏட்டு மேசையில் கிடந்த வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார். “கையெழுத்து உம்மதுதான? கோர்ட்டுல மாத்திச் சொன்னேருன்னா பொய்சாட்சின்னு உம்மளத் தூக்கி உள்ள வச்சிருவாவ. அதையும் மனசுல வச்சுக்கிடும்.”

அன்றிலிருந்து சுடலையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொன்னாலும் ஜெயில், உண்மை சொன்னாலும் ஜெயில் என்று அவருக்குத் தோன்றியது. மனைவி பிச்சம்மாளிடம் சொன்னார். அவள் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அவ்வோ எழுதினத அப்படியே சொல்லிட்டு வந்திருங்க. அந்தப் பயல நமக்குத் தெரியுமா? போலீஸ்காரன் சும்மாவா ஒருத்தன பிடிப்பான்?”

“ஒருவேள சும்மா பிடிச்சிருந்தா?”

“அதுக்கு நாம என்னய்யா செய்ய முடியும்?” என்றாள். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் ஏறி வட்டக்கோட்டைக்குப் போனார். எத்தனையோ ஆயிரம் பேருக்கு வழி சொன்ன இடம். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் போகிறார். கோர்ட்டில் கேட்டால் சொல்லவேண்டுமே, இடத்தையாவது பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். சுற்றுலா வந்தவர்கள் கொத்தளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுடலையாண்டி சுவரை ஒட்டி வடபுறமாக நடந்தார். தாழம்புதர் ஒன்றல்ல, வரிசையாக இருந்தது. கருங்கல் எங்கு பார்த்தாலும் கிடந்தது. எந்தக் கல்? ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர், ஒரு கல்லின் முன் நின்று, “இதுதான் ஐயா,” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.  யாராவது கேட்டிருப்பார்களோ என்று திரும்பிப் பார்த்துவிட்டு வேகமாக வெளியே வந்தார்.

அந்த வாரமே வந்த விசாரணை நாளன்று ஒன்பது மணிக்கே கோர்ட்டுக்குப் போய்விட்டார். வராண்டாவில் ஒரே கூட்டம். ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்த இளைஞன் நகர்ந்து இடம் கொடுத்தான். முப்பது வயதுக்குள் இருக்கும், கழுத்தில் ஜெபமாலை.

“இரிங்க அண்ணே. பேர விளிக்க நேரமாவும்.”

சுடலையாண்டி உட்கார்ந்தார். பேச்சுக்காக, “ஊரு எங்க?” என்று கேட்டார்.

“தேங்காப்பட்டணம் பக்கம். மீன் பிடிக்க வள்ளத்துல போவேன்.” அவனே தொடர்ந்தான். “கள்ளக்கேசு அண்ணே. சங்கிலி பறிச்சவனுக்க பைக்கும் எனக்க பைக்கும் ஒரே நிறமாம், அதுக்குப் பிடிச்சாவ. மூணு நாளு அடிச்சு, அவ்வோ எழுதின தாளுல ஒப்பு வாங்கினாவ. எங்க வச்சிருக்காவன்னு வீட்டுக்குக்கூடச் சொல்லேல்ல. ரெண்டு மாசம் ஜெயில்ல கெடந்தேன். பாஸ்போட்டு கோர்ட்டுல இருக்கு. வந்த விசா ரெண்டும் போச்சு.”

சுடலையாண்டி சட்டைப்பையில் இருந்த ஜெராக்ஸை இன்னும் உள்ளே தள்ளினார்.

“போலீஸ்ட்ட ஒப்புக்கிட்டது கோர்ட்டுல செல்லாதுன்னு எனக்க வக்கீலு பறஞ்சாவ. ஆனா நான் கூட்டிட்டுப் போயி சாமான எடுத்துக் குடுத்ததக் கண்டேன்னு ஒருத்தரு சாட்சி சொன்னா, அது செல்லுமாம். இன்னிக்கு அவருதான் வாராரு. லாட்ஜுல வேலையாம்.” அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நான் அந்த ஆள கண்டதுகூட இல்ல அண்ணே.”

தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி சுடலையாண்டி எழுந்தார். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றார். பெயர் சொல்லிக் கூப்பிடும் வரை அங்கிருந்து வெளியே வரவில்லை.

கூண்டில் ஏறியபோது மாஜிஸ்திரேட் அம்மாவின் முகம் அவருக்குத் தெரியவில்லை. கதவருகே நின்ற ஏட்டின் முகம்தான் தெரிந்தது. எதிர்க் கூண்டில் சிஜோ நின்றான். வராண்டாவில் இடம் கொடுத்தவன் இப்போது அவரையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

அரசு வழக்கறிஞர் கேட்டார். கையெழுத்து உங்களுடையதா? ஆமா. எதிரி வாக்குமூலம் கொடுத்தபோது கூட இருந்தீர்களா? இருந்தேன். சங்கிலியை எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தீர்களா? பார்த்தேன். ஒவ்வொரு பதிலையும் சுடலையாண்டி வேறு யாரோ சொல்வதுபோலக் கேட்டார். ஏட்டு தலையை லேசாக ஆட்டினார்.

பிறகு சிஜோவுக்கு இலவச சட்ட உதவியில் கிடைத்த வழக்கறிஞர் ஜெமி எழுந்தாள். சிறிய உருவம். கத்தவும் இல்லை, மிரட்டவும் இல்லை.

“வட்டக்கோட்டைக்கு எதுல போனீங்க?”

இந்தக் கேள்வி ஜெராக்ஸில் இல்லை. “பஸ்ஸுல,” என்றார் சுடலையாண்டி.

“போலீஸும் எதிரியும் உங்ககூட பஸ்ஸுலதான் வந்தாங்களா?”

“இல்ல. நான் மட்டும்தான் போனேன்.”

“என்னைக்கு?”

“போன ஞாயித்துக்கிழம.”

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். ஏட்டைப் பார்க்கவில்லை, பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று தெரிந்தது.

“அதுக்கு முன்ன நான் அங்க போனதே கெடயாதும்மா. சங்கிலிய ஸ்டேஷன்ல மேசை மேலதான் கண்டேன். இந்தப் பையன அன்னிக்கு நான் காணவே இல்ல. இன்னிக்குக் காலையில வராண்டாவுலதான் முதல்ல பாக்கேன்.”

அரசு வழக்கறிஞர் அவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க அனுமதி கேட்டு, எதிரியின் ஆட்களிடம் காசு வாங்கிவிட்டுப் பொய் சொல்கிறீர்கள் என்று உரக்கச் சொன்னார். இல்லை என்றார் சுடலையாண்டி. மாஜிஸ்திரேட் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

“கொஞ்சம் முன்னால பார்த்தேன்னு ஏன் சொன்னீங்க?”

“பயத்துல சொன்னேம்மா.”

“இப்ப பயம் இல்லையா?”

“இப்பமும் பயந்தாம்மா.”

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

வெளியே ஏட்டு அவரைத் தாண்டிப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் என்று சுடலையாண்டி பிச்சம்மாளிடம் சொன்னார். அவள் அவரை ஏசவில்லை. நாலு நாள் பேசாமல் இருந்தாள். ஐந்தாம் நாள் வெளியூரில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குக் கொஞ்சநாள் போய் இருந்துவிட்டு வருவோமா என்று கேட்டாள்.

அந்த மாதத்தில் மூன்று தடவை லாட்ஜ் வாசலில் ஜீப் வந்து நின்றது. தங்கியிருந்தவர்களின் அடையாள அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை பகவதியப்பன் அவரை உள்ளே கூப்பிட்டார். “உம்ம மேல எனக்குக் கோவம் ஒண்ணுமில்ல வே. கொஞ்சநாளு முன்மேசையில இருக்காண்டாம்.” மறுநாளிலிருந்து அவருக்குப் பின்கட்டில் வேலை, சலவைக்குப் போகும் விரிப்புகளைப் பிரித்துப் போடவேண்டும். அங்கே ஜன்னல் கிடையாது. ஜீப் சத்தம் மட்டும் கேட்கும். கேட்கும்போதெல்லாம் எழுந்து நிற்பார்.

ஒன்றரை மாதம் கழித்து ஜெமி தொலைபேசியில் அழைத்தாள். சிஜோவை விடுதலை செய்து தீர்ப்பு வந்துவிட்டது, பாஸ்போர்ட் இந்த வாரம் கையில் கிடைத்துவிடும் என்றாள். சுடலையாண்டி கையிலிருந்த விரிப்பை இறக்கி வைத்தார்.

“நல்லதும்மா. என்னைய உள்ள வப்பாவளோ?”

“இல்ல அண்ணாச்சி. மாஜிஸ்திரேட்டு உங்கள நம்பித்தான் தீர்ப்பு எழுதியிருக்காங்க. உங்க மேல நடவடிக்க எதுவும் இல்ல.”

“எழுதியிருக்காவன்னா, எனக்க பேரும் அதுல இருக்கா?”

“இருக்கு. பத்தாம் பக்கத்துல, முழுப்பேரு.”

அவர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தப் பேர மட்டும் அழிச்சிர முடியாதாம்மா?” என்று கேட்டார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து ஜெமி சிரித்தாள். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.